எடை போட்டுப் பார்த்த மேதை அல்பீரூனி (ரஹ்)

தங்கத்தின் மீது ஜகாத் கடமையாவதற்குரிய நிஸாப் 20 மிஸ்கால் என்பதை நாம் அறிவோம். ஆனால் நம் கையில் இருக்கும் மஞ்சள் நிறப் பொருள் தங்கம்தானா, அதில் செம்பு கலந்திருக்கிறதா என்பதை எப்படி அறிவது? கண் ஏமாறும், விற்பவர் சொல்லும் சில நேரம் ஏமாற்றும். பொருளை அழிக்காமல், உருக்காமல், தண்ணீரையும் தராசையும் கொண்டே அதன் உண்மையை அறிய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அரும்பாடுபட்ட ஒரு பெரியாரின் வரலாற்றை இங்கே காண்போம். பள்ளிக்கூடம் செல்லும் பிள்ளைகளையும் அருகில் அமர்த்திக் கொண்டு வாசியுங்கள்.

அபூ ரைஹான் முஹம்மத் இப்னு அஹ்மத் அல்பீரூனி (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 362ல் (கி.பி. 973) குவாரிஸ்ம் நாட்டின் காத் நகரில் பிறந்தார்கள். உஸ்பெகிஸ்தானில் உள்ள அவ்வூர் இன்று அவர்களின் பெயராலேயே வழங்கி வருகிறது. அபூ நஸ்ர் மன்ஸூர் என்னும் கணித மேதையிடம் அவர்கள் பாடம் கேட்டார்கள். பதினேழு வயதிலேயே நண்பகல் சூரியனின் உயரத்தை அளந்து, தம் ஊரின் அட்சரேகையைக் கணக்கிட்டார்கள். பின்னர் 15 முழ விட்டமுள்ள ஒரு வட்டக் கருவியை அமைத்து ஆராயத் தொடங்கினார்கள். அந்நேரம் பார்த்து 995ல் நாட்டில் ஆட்சிக்கான போர் மூண்டது. கருவிகளை அப்படியே விட்டுவிட்டு ஊரைத் துறந்து செல்ல நேர்ந்தது. சில ஆண்டுகள் அந்நிய ஊர்களில் கழித்த பிறகே தாயகம் திரும்பினார்கள்.

குவாரிஸ்மின் ஜுர்ஜானிய்யா நகரில்தான் அந்தப் புகழ்பெற்ற சோதனையை அவர்கள் செய்தார்கள். ஒரே எடையுள்ள தங்கக் கட்டியும் இரும்புக் கட்டியும் ஒரே அளவு இடத்தை அடைப்பதில்லை. தங்கம் சிறிதாக இருக்கும்; இரும்பு பெரிதாக இருக்கும். எவ்வளவு சிறிது, எவ்வளவு பெரிது? கரடுமுரடான கட்டியை முழக்கோலால் அளக்க முடியாதே! இதற்காக அவர்கள் அடி அகன்று கழுத்துக் குறுகிய கூம்பு வடிவப் பாத்திரம் ஒன்றைச் செய்தார்கள். அதன் பக்கத்தில் கீழ்நோக்கி வளைந்த சிறு குழாய் ஒன்று இருந்தது. பாத்திரத்தில் குழாய் மட்டம் வரை நீர் நிரப்பி, எடை போட்ட பொருளை உள்ளே இடுவார்கள். அப்பொருள் எவ்வளவு இடத்தை அடைக்கிறதோ அவ்வளவு நீர் குழாய் வழியாக வெளியேறித் தராசுத் தட்டில் விழும். அந்த நீரை நிறுப்பார்கள். கழுத்தைக் குறுக்கியதில் ஒரு நுட்பம் உண்டு. அகன்ற பாத்திரத்தில் சில துளி நீர் கூடினாலும் மட்டத்தில் தெரியாது. குறுகிய கழுத்தில் உடனே தெரிந்துவிடும்.

100 மிஸ்கால் தங்கம் 5 மிஸ்காலுக்குச் சற்றே கூடுதலான நீரைத்தான் வெளியேற்றியது. அதே எடையுள்ள ஈயம் ஏறத்தாழ 9 மிஸ்கால் நீரையும், இரும்பு ஏறத்தாழ 13 மிஸ்கால் நீரையும் வெளியேற்றின. 100ஐ அந்த நீரின் எடையால் வகுத்துப் பாருங்கள். தங்கம் நீரைவிட 19 மடங்கும், ஈயம் 11 மடங்கும், இரும்பு 8 மடங்குக்குச் சற்றுக் குறைவாகவும் கனமானவை என்று விடை வரும். நம் பிள்ளைகள் ஒப்படர்த்தி என்று படிப்பது இதைத்தான். தங்கத்துக்கு இன்றைய பாடநூல்கள் தரும் எண் 19.3. தங்கத்தில் செம்பு கலந்தால் அது கூடுதல் நீரை வெளியேற்றிக் குட்டை உடைத்துவிடும்!

எந்தத் தண்ணீரில் அளந்தார்கள் என்பதும் பதிவாகியிருக்கிறது. ஜைஹூன் ஆற்று நீரில், இலையுதிர் காலத்தின் தொடக்கத்தில் செய்தார்கள். நீர் மாறினால், சூடு மாறினால் கணக்கும் மாறும் அல்லவா? பின்னால் வருபவர் சரிபார்க்க வேண்டுமானால் இந்த விவரமும் வேண்டும். 1121ல் அல்காஸினீ என்னும் அறிஞர் தம் மீஸானுல் ஹிக்மா நூலில் இவற்றையெல்லாம் பேணித் தந்திருக்கிறார்.

1017ல் சுல்தான் மஹ்மூது குவாரிஸ்மைக் கைப்பற்றியதும் அவர்கள் கஸ்னிக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். அடுத்த ஆண்டு காபூல் அருகே தங்கியிருந்தபோது கையில் கருவி ஏதும் இல்லை. அதற்காகச் சும்மா இருந்துவிடவில்லை. கணக்குப் போடும் பலகையின் பின்புறத்தில் வட்டத்தின் கால் பகுதியை வரைந்து, பாகைகளைக் குறித்து, தூக்குநூலைத் தொங்கவிட்டுச் சூரியனின் உயரத்தை அளந்தார்கள். 1025ல் முடித்த தஹ்தீத் என்னும் நூலில் ஊர்களின் இருப்பிடங்களை ஆராய்ந்து, கஸ்னி மக்கள் தொழுகையில் முன்னோக்க வேண்டிய கிப்லாவின் திசையைக் கணக்கிட்டுக் காட்டினார்கள்.

இரத்தினக் கற்களைப் பற்றியும் அவர்கள் ஒரு நூல் எழுதினார்கள். மரகதத்தைக் கண்டால் பாம்பின் கண்கள் கரைந்து வழிந்துவிடும் என்று அக்காலத்து மக்கள் நம்பினார்கள். நூல்களிலும் அப்படியே எழுதி வந்தார்கள். அல்பீரூனி (ரஹ்) அவர்கள் பாம்பின் கழுத்தில் மரகத மாலையை அணிவித்தார்கள். அதன் கூடையில் மரகதத்தைப் பரப்பினார்கள். கண்ணெதிரே மரகதச் சரத்தை ஆட்டினார்கள். வெயிலிலும் குளிரிலுமாக ஒன்பது மாதம் இப்படிச் சோதித்தும் பாம்பின் கண்ணுக்கு ஒன்றும் நேரவில்லை. பார்வை கூடியதோ என்னவோ, குறையவில்லை என்று வேடிக்கையாக எழுதி வைத்தார்கள்.

அவர்களின் இறுதி வேளை பற்றி யாகூத் என்னும் வரலாற்றாசிரியர் ஒரு செய்தியைப் பதிவு செய்திருக்கிறார். மூச்சுத் திணறிக் கிடந்த அவர்களைக் காண ஒரு பிக்ஹு அறிஞர் வந்தார். அவரிடம், வாரிசுரிமையில் பாட்டிமார் பற்றிய நுட்பமான ஒரு மஸ்அலாவை அவர்கள் கேட்டார்கள். இந்த நிலையிலுமா என்று வந்தவர் இரக்கத்துடன் கேட்டார். அறியாமல் உலகைப் பிரிவதைவிட அறிந்து பிரிவது மேலல்லவா என்று பதில் வந்தது. அவர் விளக்கிச் சொல்ல, அல்பீரூனி அவர்கள் அதைத் திருப்பிச் சொல்லி மனனம் செய்து கொண்டார்கள். விடைபெற்று வீதியில் நடக்கும்போதே வீட்டிலிருந்து அழுகுரல் எழுவதை அந்த அறிஞர் கேட்டார். ஹிஜ்ரி 440ல் (கி.பி. 1048) வபாத்தானதாகக் கூறுவர்.

வந்த செய்தியைத் தீர விசாரிக்கும்படி நம் மார்க்கம் கட்டளையிட்டிருக்கிறது. நாமோ காதில் விழுந்ததை அடுத்த வீட்டுக்குச் சொல்லும் வரை பொறுப்பதில்லை. பாம்பைப் பற்றிய ஒரு வார்த்தைக்காக ஒன்பது மாதம் காத்திருந்தவர்களை எண்ணிப் பார்ப்போம். நம் பிள்ளை ஒன்றை ஏன் என்று கேட்டால் அதட்டி அமர்த்தாமல், வா, நிறுத்துப் பார்ப்போம் என்று தராசை எடுத்துத் தருவோம். அறிந்ததைக் கொண்டு பயன்பெறும் நற்பேற்றை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.