கூண்டுக்குள் தானே போய் நின்ற ஃபாரடே

மின்னல் வெட்டினால் கண்ணாடியை ஏற்றிவிட்டு காருக்குள்ளேயே இருங்கன்னு சொல்றாங்களே, ஏன்? ரப்பர் டயர் காப்பாத்தும்னு பலர் நினைக்கிறாங்க. உண்மைக் காரணத்தை 1836-லேயே லண்டனில் செய்து காட்டியவர் மைக்கேல் ஃபாரடே.

1791-ல் பிறந்த கொல்லர் மகன். பள்ளிப் படிப்பு கொஞ்சம்தான். 14 வயதில் புத்தக பைண்டிங் கடையில் சேர்ந்து, அங்கே வந்த அறிவியல் புத்தகங்களைப் படித்தே வளர்ந்தார். 1813-ல் ராயல் இன்ஸ்டிடியூஷனில் உதவியாளர் ஆனார்.

உயர்கணிதம் அவருக்குக் கைவரவில்லை. அதனால் எதையும் செய்து பார்த்தே நிரூபித்தார். உலோகத்தில் ஏற்றும் மின்னூட்டம் வெளிப்பரப்பில்தான் நிற்கும் என்பதைச் சோதிக்க, 12 அடிக்கு 12 அடியில் மரச்சட்டக் கூண்டு கட்டினார். செம்புக் கம்பியும் வெள்ளீயத் தாளும் சுற்றினார். எந்திரத்தால் அதற்கு மின்னூட்டம் ஏற்றவைத்து, தானே உள்ளே போய் நின்றார். வெளியே தீப்பொறி பறந்தது. உள்ளே மின்காட்டிகள் அசையவே இல்லை. அவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

ஃபாரடே 1867-ல் மறைந்தார். இன்றும் வகுப்பறையில் நிலைமின்காட்டியைக் கம்பி வலையால் மூடிக் காட்டுவது அந்தச் சோதனையைத்தான். மின்னலில் நம்மைக் காப்பதும் டயர் இல்லை, காரின் உலோகக் கூடுதான். லிஃப்ட் கதவு மூடியதும் போனில் சிக்னல் குறைவதற்கும் இதே உலோகக் கூண்டுதான் காரணம்.