காட்டுயிர் நோக்கிய மா. கிருஷ்ணன்

மும்பை போரிவிலிப் பூங்காவிலுள்ள கன்னேரிக் குகைகளுக்குச் சென்றவர்கள் அங்குக் குல்லாய்க் குரங்குகளைக் கண்டிருப்பர். அவற்றுள் ஒன்றை இமைக்காமல் உற்றுநோக்கினால் அது புருவத்தை உயர்த்தி, வாயைத் திறந்து மிரட்டும். மனிதர் நட்பாகக் கருதும் நேர்ப்பார்வை குரங்குகளிடையே பெரும்பாலும் சண்டைக்கு அழைப்பாகும். வலிமை குன்றிய குரங்கு, தலைமைக் குரங்கின் எதிரே முகத்தைத் திருப்பிக்கொள்ளும். உதடுகளை விரைந்து அசைத்துப் பணிவைக் காட்டும். இத்தகைய உயிர்களைக் காட்டிலேயே பொறுமையுடன் கண்டு எழுதியவர் மா. கிருஷ்ணன்.

இவர் 1912 ஆம் ஆண்டு ஜூன் 30 ஆம் நாள் பிறந்தார். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் எட்டு மக்களுள் கடைக்குட்டி இவரே. தந்தையை இழந்தபோது கிருஷ்ணனுக்கு வயது பதின்மூன்று. சென்னை மாநிலக் கல்லூரியில் தாவரவியல் பயின்றார், சட்டமும் படித்தார். எனினும் தகுந்த வேலை கிட்டவில்லை. 1942 இல் சந்தூர் என்னும் சிறிய சமஸ்தானத்திற்குச் சென்று ஆசிரியராகவும் நீதிபதியாகவும் பணியாற்றினார். அங்குள்ள குன்றுகளும் காடுகளுமே அவருக்குப் பெரும் பள்ளியாயின.

1949 இல் சந்தூர் இந்திய ஒன்றியத்துடன் இணைந்தது. சென்னைக்குத் திரும்பிய கிருஷ்ணன் வேறு பதவி தேடவில்லை. எழுதுகோலையும் ஒளிப்படக் கருவியையும் நம்பிக் குடும்பம் நடத்தத் துணிந்தார். மாத ஊதியம் இல்லாத வாழ்வு எளிதன்று. அக்காலத்தில் காட்டுயிர் எழுத்தை ஒரு தொழிலாக எவரும் எண்ணியதுமில்லை. 1950 இல் 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் தொடங்கிய அவரது பத்தி, அவர் மறையும் வரை 46 ஆண்டுகள் வெளிவந்தது.

பல கருவிகளின் உறுப்புகளைப் பொருத்தி அவரே அமைத்துக்கொண்ட ஒளிப்படக் கருவி பருமனானது. கறுப்பு வெள்ளைப் படங்களையே விரும்பி எடுத்தார். ஒளிப்படக் கருவியின் ஆடியும் இமைக்காத ஒரு பெருங்கண் போன்றதே! அதனை ஏந்தி அஞ்சும் விலங்கை அணுகுவதற்கு எத்துணைப் பொறுமை வேண்டும்!

1968 இல் அவருக்கு ஜவஹர்லால் நேரு ஆய்வுநல்கை கிடைத்தது. தென்னிந்தியக் காடுகளில் அலைந்து பெரிய பாலூட்டிகளை ஆராய்ந்தார். யானை, காட்டெருது, மான் ஆகியவற்றுடன் குரங்கினங்களும் அவ்வாய்வில் இடம்பெற்றன. மரத்தின் மேலிருக்கும் மந்திகள் புலியையோ சிறுத்தையையோ கண்டால் எச்சரிக்கைக் குரல் எழுப்பும். கீழே மேயும் புள்ளிமான்கள் அதனைக் கேட்டு விழிப்படையும். மந்தியின் பார்வை எத்திசையில் நிலைத்துள்ளது என்பதைக் கொண்டு, பகை எங்கே பதுங்கியுள்ளது என்பதைக் காடறிந்தோர் அறிந்துகொள்வர். ஒன்றன் கண் மற்றொன்றன் உயிரைக் காக்கிறது. கூண்டில் அடைத்த குரங்கிடம் இதனைக் காண இயலாது.

இந்த ஆய்வினை வெளியிட்டது மும்பை இயற்கை வரலாற்றுக் கழகம். 1883 இல் தொடங்கப்பெற்ற அக்கழகம், முதலில் தன் ஆய்விதழிலும் பின்னர் 1975 இல் நூலாகவும் அதனை அளித்தது. நடுவண் அரசு கிருஷ்ணனுக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது.

புகழ் பெரும்பாலும் ஆங்கில எழுத்தினால் வந்தது. ஆயினும் அவர் தமிழை மறந்தாரல்லர். அவருடைய தமிழ்க் கட்டுரைகளை சு. தியடோர் பாஸ்கரன் தொகுத்து, 'மழைக்காலமும் குயிலோசையும்' என்னும் நூலாக்கினார். 1996 ஆம் ஆண்டு பிப்ரவரி 18 ஆம் நாள் கிருஷ்ணன் சென்னையில் மறைந்தார்.