நோட்டீஸ் அடிக்கப் போனா '1/8 டெம்மியா?'ன்னு கேட்குறாங்களே, அது என்ன கணக்கு? பேப்பருக்காக எழுத்தையே சுருக்கிய சீகன்பால்குவின் கதை

துறையூரோ திருச்சியோ, பழைய அச்சகம் ஒன்றில் நோட்டீஸ் அடிக்கப் போனால் முதலில் வரும் கேள்வி, '1/8 டெம்மியா, 1/4 டெம்மியா?' என்பதுதான். ஏ4 தெரிந்த தலைமுறைக்கு இது புரியாத பாஷை.

விஷயம் சிம்பிள். டெம்மி என்பது 17½ × 22½ அங்குலம் கொண்ட முழுத்தாள். பிரெஞ்சில் 'பாதி' என்று அர்த்தம் தரும் சொல்லிலிருந்து வந்த பெயர். அதை மூன்று முறை மடித்தால் 8 துண்டு. அதுதான் 1/8 டெம்மி. வெட்டிச் சீவிய பிறகு சுமார் 8½ × 5½ அங்குலம் வரும், கிட்டத்தட்ட இன்றைய ஏ5. கிரவுன், ஃபூல்ஸ்கேப் என்ற பெயர்களும் இப்படிப் பழசுதான். தாளுக்குள் நீரோட்டக் குறியாகக் கிரீடம் இருந்தால் கிரவுன், கோமாளித் தொப்பி இருந்தால் ஃபூல்ஸ்கேப்!

தாளை இப்படி மடித்துக் கணக்குப் போடும் பழக்கம் ஐரோப்பிய அச்சுக்கூடங்களில் பிறந்தது. இரண்டு முறை மடித்தால் 4 இலை, அது குவார்ட்டோ. மூன்று முறை என்றால் ஆக்டேவோ. இந்தக் கணக்கோடு தமிழ்நாட்டில் நேருக்கு நேர் மல்லுக்கட்டிய ஒருவர் உண்டு.

யார் இந்த சீகன்பால்கு?

ஜெர்மனியின் புல்ஸ்நிட்ஸில் 1682-ல் பிறந்தவர் பர்த்தலோமேயு சீகன்பால்கு. டென்மார்க் மன்னர் அனுப்ப, 1706 ஜூலையில் தரங்கம்பாடிக்கு வந்து இறங்கினார். திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார். டேனிஷ் ஆளுநரோடு மோதல் வந்து 1708-ல் நாலு மாதம் சிறையிலும் இருந்தார். 1711-ல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் மொழிபெயர்த்து முடித்துவிட்டார்.

தமிழ் அச்சு அப்போது புதுசு இல்லை. கொல்லத்தில் 1578-லேயே தமிழ் நூல் அச்சாகிவிட்டது. ஆனால் அந்த மரபு அறுந்துபோயிருந்ததால், எல்லாமே முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. அச்சு இயந்திரம் லண்டனிலிருந்து வந்தது, தமிழ் எழுத்துகள் ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்க்கப்பட்டு வந்தன.

பிரச்னை அங்கேதான். வந்த எழுத்துகள் ரொம்பப் பெருசு. எழுத்து பெரிதானால் ஒரு பக்கத்தில் வரிகள் குறையும், பக்கம் கூடும், தாள் தீரும். தாளோ கப்பலில் ஐரோப்பாவிலிருந்து வர வேண்டும். தீர்ந்தால் கடைக்குப் போய் வாங்க முடியாது. இருந்த தாளில் முழுப் புத்தகமும் அடங்காது என்ற நிலை.

தாளை நீட்ட முடியாது, எழுத்தைச் சுருக்கலாம் இல்லையா? தரங்கம்பாடியிலேயே சின்ன எழுத்துகளை வார்த்தார்கள். இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக்கட்டி டப்பாக்களின் ஈயத்தை உருக்கி வார்த்ததாகச் சொல்லப்படுகிறது. பக்கத்துப் பொறையாரில் காகித ஆலை ஒன்றையும் தொடங்கினார்கள். அது நீண்ட நாள் நிலைக்கவில்லை.

புத்தகம் குவார்ட்டோ அளவில் வந்தது. 1714-ல் அச்சான நற்செய்திகளும் அப்போஸ்தலர் நடபடிகளும் ஹாலேயின் பெரிய எழுத்தில் இருக்கின்றன. மீதிப் பகுதி சின்ன எழுத்து. ஒரே புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே போனால் நடுவில் எழுத்து இளைத்துப்போவது கண்ணுக்குத் தெரியும். தாள் பஞ்சம் விட்டுப்போன தடம் அது.

1715 ஜூலையில் முழுப் புதிய ஏற்பாடும் அச்சாகி முடிந்தபோது சீகன்பால்கு ஊரில் இல்லை. ஐரோப்பா போயிருந்தார். வேலையை முடித்தவர் உடன் பணியாற்றிய கிரண்ட்லர். அடுத்த ஆண்டு மனைவி மரியாவோடு திரும்பினார், 1718-ல் புதிய எருசலேம் ஆலயத்தைக் கட்டி முடித்தார். பழைய ஏற்பாட்டில் ரூத் வரைதான் மொழிபெயர்க்க முடிந்தது. 1719 பிப்ரவரி 23-ல் இறந்தபோது வயது 36. அந்த ஆலயத்துக்குள்ளேயே அடக்கம் செய்யப்பட்டார். மிச்சத்தைப் பின்னால் வந்த பெஞ்சமின் ஷுல்ட்சே மொழிபெயர்த்து, அதே தரங்கம்பாடி அச்சகத்தில் அச்சேற்றினார்.