ஆடம் ஆண்ட்ரு ஐயர்

ஒரகடத்தினின்று சிங்கப்பெருமாள் கோயில் செல்லும் சாலையில் ஆலைகளின் நிரையைக் காணும் யாம், அப்பக்கத்து உழைப்பாளர் பொருட்டு முன்னாளிற் பாடுபட்ட ஒருவரை நினைத்தல் தகும். அவர், ஸ்காத்லாந்து சுயாதீனச் சபையின் மிஷனெரியாய்ச் செங்கற்பட்டில் ஊழியஞ்செய்த ஆடம் ஆண்ட்ரு ஐயர்.

அந்நாளில் தரிசுநிலம் வேண்டி ஏழை தர்க்காஸ்து கொடுப்பினும் மிராசுதாரர்க்கே முதலுரிமை இருந்தது. படியாட்களுக்கோ கூலியும் கடனுமே மிஞ்சின. உழுபவனுக்கு நிலமின்றி விடுதலையில்லையெனக் கண்ட ஐயர் அரசாங்கத்தாரிடம் முறையிட்டார். கலெக்டர் திரமென்ஹீர் துரையும் இக்குறையை எடுத்துரைக்க, 1892-இல் ஒடுக்கப்பட்டோர்க்கு நிலம் வழங்க உத்தரவு பிறந்தது. மறுவருஷம் ஐயர் மெல்ரோசாபுரம் என்னும் உழவர் குடியிருப்பை நிறுவினார்.

கற்றுப் பொருளீட்டப் புகும் யாம், ஏழைக்கு இரங்கி ஈதலினும், அவன் உழைப்பின் பயனை அவனே உண்ணச்செய்தல் மேலான தேவ ஊழியமென உணர்வோமாக.