கோர்ட்டுக்கு யார் படியளப்பது? மாற்றிக் காட்டிய வழக்கறிஞர் வாண்டர்பில்ட்

அமெரிக்க ஃபெடரல் கோர்ட்டுகளின் பட்ஜெட் ஒருகாலத்தில் நீதித்துறை அமைச்சகத்தின் கையில் இருந்தது. அரசுக்காக அங்கே வாதாடுவதும் அதே அமைச்சகம்தான். கேஸ் நடத்துறவரே கோர்ட்டுக்குப் படியளந்தா எப்படி?

இதை மாற்ற உழைத்தவர்களில் ஒருவர் ஆர்தர் வாண்டர்பில்ட். 1888-ல் நியூஜெர்சியில் பிறந்த வழக்கறிஞர். 1937-ல் அமெரிக்க வழக்கறிஞர் சங்கத் தலைவரானதும், கோர்ட் நிர்வாகத்தைச் சீர்திருத்துவதையே சங்கத்தின் முக்கிய வேலையாக்கினார். சங்கம் ஆதரித்த சட்டம் 1939-ல் நிறைவேறியது. கோர்ட்டுகளுக்குத் தனி நிர்வாக அலுவலகம் வந்தது. பட்ஜெட் நீதிபதிகளின் மேற்பார்வைக்கு மாறியது.

அடுத்து சொந்த மாநிலம். 1948-ல் நியூஜெர்சி தலைமை நீதிபதியானார். எத்தனை கேஸ் முடிஞ்சது, எத்தனை பாக்கி என்று ஒவ்வொரு நீதிபதியும் வாராவாரம் கணக்குக் கொடுக்க வேண்டும் என்றார். வழக்குத் தேக்கம் குறைந்தது. 1957-ல் மறையும்வரை அந்தக் கணக்கை அவர் விடவில்லை.