ஆசிரியர் ஜான் டால்டனும் ஐம்பத்தேழு ஆண்டு வானிலைக் கணக்கும்

நாம் வாழும் நாட்டில் பருவங்கள் இரண்டே எனலாம்; மழை மிகுந்த மாதங்கள், மழை குறைந்த மாதங்கள். கேமரன் மலைக்குச் சென்று வந்த மாணவர்கள் குளிரைப் பற்றிப் பெருமையாகப் பேசுவர். ஆனால் குளத்து நீர் கல்லாக உறைவதையும், வானத்திலிருந்து வெண்பனி பஞ்சுபோல் உதிர்வதையும் அங்கும் காண இயலாது. அத்தகைய குளிர்காலம் ஆண்டுதோறும் வந்து போகும் நாடு இங்கிலாந்து. அந்நாட்டில், நாள் தவறாமல் வெப்பத்தையும் குளிரையும் மழையையும் அளந்து ஐம்பத்தேழு ஆண்டுகள் ஏட்டில் எழுதி வந்த ஒருவரின் வரலாற்றை இவ்வாண்டு மலரில் நம் மாணவர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம். அவர் பெயர் ஜான் டால்டன். அணுக் கொள்கையை வகுத்த பேரறிஞர் என்று உலகம் அவரை அறியும். அவர் நம்மைப் போன்ற ஒரு பள்ளி ஆசிரியர் என்பதைப் பலர் அறியார்.

இங்கிலாந்தின் வடமேற்கே, மலைகளும் ஏரிகளும் நிறைந்த கம்பர்லாந்துப் பகுதியில் ஈகிள்ஸ்பீல்டு என்னும் சிற்றூரில் 1766ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் டால்டன் பிறந்தார். தந்தை கைத்தறி நெசவாளர். சிறிது நிலமும் உண்டு. குடும்பத்தார் குவேக்கர் என்னும் கிறித்துவப் பிரிவைச் சேர்ந்தவர்கள். எளிய உடை, எளிய பேச்சு, கடின உழைப்பு ஆகியவை அவர்கள் வழக்கம். அரசாங்கச் சமயத்தைத் தழுவாதவர் என்ற காரணத்தால், ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களில் படித்துப் பட்டம் பெறும் வழி அவர்களுக்கு அந்நாளில் அடைக்கப்பட்டிருந்தது. ஏழ்மை ஒரு தடை, சமயம் மற்றொரு தடை. இவ்விரண்டுக்கும் நடுவே பிறந்த பிள்ளை அவர்.

ஆயினும் ஊரில் ஒரு நல்லவர் இருந்தார். எலிஹு ராபின்சன் என்னும் அப்பெரியவர் கருவிகள் செய்வதிலும் வானிலையைக் கவனிப்பதிலும் ஆர்வம் மிக்கவர். சிறுவனின் கூர்மையைக் கண்டு கணக்கும் அறிவியலும் கற்பித்தார். பன்னிரண்டு வயதிலேயே டால்டன் தம் ஊரில் ஒரு பள்ளியைத் தொடங்கிவிட்டார். நம் பள்ளியில் ஆறாம் ஆண்டில் பயிலும் மாணவனின் வயதுதான் அது. தம்மைவிட மூத்த பையன்களும் அவரிடம் பயின்றனர் என்றும், கண்டித்தபோது அவர்களுள் சிலர் ஆசிரியரையே சண்டைக்கு அழைத்தனர் என்றும் சொல்வதுண்டு. வருமானம் போதவில்லை, வயல் வேலைக்கும் சென்றார்.

பதினைந்தாம் வயதில் கெண்டல் என்னும் நகருக்குச் சென்று, உறவினர் ஒருவர் நடத்திய பள்ளியில் அண்ணன் ஜொனதனுடன் துணையாசிரியரானார். 1785இல் அண்ணனும் தம்பியும் அப்பள்ளியைத் தாமே ஏற்று நடத்தலாயினர். தமக்கை மேரி வீட்டைக் கவனித்துக்கொண்டார்.

கெண்டலில் அவருக்கு வாய்த்த குருவைப் பற்றிச் சிறிது விரித்துச் சொல்ல வேண்டும். ஜான் கோ என்பவர் சிறு குழந்தையாக இருந்தபோதே அம்மை நோயால் பார்வையை இழந்தவர். கண்ணில்லாதிருந்தும் இலத்தீனும் கிரேக்கமும் கணிதமும் கற்றுத் தேர்ந்தார். செடிகொடிகளைத் தொட்டே இனம் கண்டு பெயர் சொல்வார். அவர் டால்டனுக்கு மொழிகளையும் கணிதத்தையும் கற்பித்தார். அதற்கு ஈடாக டால்டன் அவருக்கு நூல்களைப் படித்துக் காட்டியும் எழுதிக் கொடுத்தும் உதவினார். வானிலையை நாள்தோறும் குறித்து வைக்கும்படி தூண்டியவரும் அவரே. வானத்தைப் பார்க்க இயலாத ஒருவர் வானத்தைப் பார்க்கும்படி மற்றொருவரைப் பழக்கினார் என்பதை எண்ணும்போது நமக்கு வியப்பாகவே இருக்கிறது.

1787ஆம் ஆண்டு மார்ச் மாதம் 24ஆம் நாள் டால்டன் தம் வானிலை ஏட்டின் முதற் குறிப்பை எழுதினார். அன்றிரவு வடவானில் தோன்றிய வண்ண ஒளியைப் பற்றிய குறிப்பு அது. அப்போது அவருக்கு வயது இருபது. அன்றிலிருந்து வெப்பமானி, காற்றழுத்தமானி, மழைமானி ஆகிய கருவிகளைக் கொண்டு நாள்தோறும் அளந்து எழுதினார். கருவி வாங்கப் பணம் மிகுதியாக இல்லாமையால் அவற்றுட் சிலவற்றைத் தம் கையாலேயே செய்தார். கண்ணாடிக் குழாயில் பாதரசம் நிரப்பி, அது ஏறி இறங்கும் அளவுக்குக் கோடிட்டால் வெப்பமானி. புனலொன்றைக் குப்பியின் மேல் பொருத்தி வெட்டவெளியில் வைத்தால் மழைமானி. செய்வது எளிதுதான். ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், ஒரு நாளும் விடாமல் பார்ப்பதே அரிது.

தோட்டத்துப் பெற்றோர்களுக்கு இதை நாம் விளக்க வேண்டியதில்லை. விடியற்காலையில் மழை பெய்து பட்டை நனைந்திருந்தால் அன்று பால் வெட்ட இயலாது. வேலையும் இல்லை, வருமானமும் குறையும். தோட்ட அலுவலகத்தில் கிராணியார் மழைமானியை அளந்து ஏட்டில் பதிவதைப் பெற்றோர் பலர் கண்டிருப்பர். ஒரு நாள் மழையின் அளவு அன்றைய செய்தி மட்டுமே. இருபது ஆண்டு மழையின் அளவோ, எந்த மாதத்தில் எத்தனை நாள் வேலை நிற்கும் என்பதைச் சொல்லிவிடும்.

குளிர்காலத்துக்கும் இதுவே பொருந்தும். முதியவர் ஒருவர், தம் இளமையில் பனி இதைவிட மிகுதியாகப் பெய்தது என்பார், மற்றொருவர் இல்லையென்பார். நினைவு ஒருவருக்கு ஒருவர் மாறுபடும். எழுதி வைத்த எண் மாறுபடாது. கெண்டலில் டால்டன் அளந்த அதே காலத்தில், கெசிக் என்னும் ஊரில் பீட்டர் கிராஸ்துவெய்ட் என்பவரும் அளந்து வந்தார். இருவர் கணக்கையும் ஒப்பிட்டு, டால்டன் தம் முதல் நூலை 1793இல் வெளியிட்டார். வடவானொளிக்கும் பூமியின் காந்தத்திற்கும் தொடர்புண்டு என்பதை அந்நூலில் எடுத்துக் காட்டினார். பூமி சுழல்வதால் வாணிபக் காற்று எவ்வாறு திசை திரும்புகிறது என்பதையும் தாமே ஆராய்ந்து கண்டார். ஹாட்லி என்பவர் தமக்கு முன்பே அதைக் கூறியுள்ளார் எனப் பின்னர் அறிந்ததும், நூலின் முன்னுரையிலேயே அதை வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். இந்நேர்மை நமக்கு மிகவும் பிடித்த செய்தி.

அதே ஆண்டு மான்செஸ்டர் நகரின் புதிய கல்லூரியில் கணித ஆசிரியராக அமர்ந்தார். பல்கலைக்கழகத்தில் இடம் மறுக்கப்பட்டவர்களுக்காகத் தொடங்கப்பட்ட கல்லூரி அது. 1800இல் அதை விட்டு விலகி, வீட்டுப்பாடம் சொல்லிக் கொடுத்தே எஞ்சிய காலமெல்லாம் பிழைத்தார். அவர் புகழ் பரவியபின், பிரான்சு நாட்டு வேதியியல் அறிஞர் ஒருவர் அவரைக் காண மான்செஸ்டருக்கு வந்தாராம். பெரிய மாளிகையையும் மாணவர் கூட்டத்தையும் எதிர்பார்த்து வந்தவர், பின்தெருவில் ஒரு சிற்றறையில், சிலேட்டுப் பலகையைப் பார்த்தவாறு ஒரு சிறுவனுக்குக் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்த முதியவரைக் கண்டு திகைத்தார். பையனின் கணக்கு சரியாகும் வரை சற்று அமர்ந்திருக்கும்படி டால்டன் அவரைக் கேட்டுக்கொண்டார் என்பர்.

மான்செஸ்டரில் இருந்த ஐம்பது ஆண்டும் வானிலைக் கணக்கு நிற்கவில்லை. காலையில் வெப்பமானியைப் பார்க்க அவர் சன்னலைத் திறக்கும் நேரத்தைக் கொண்டே, எதிர்வீட்டு அம்மையார் ஒருவர் மணி இன்னதென அறிந்துகொள்வாராம். அவர் அங்குச் சென்ற இரண்டாம் குளிர்காலம் மிகக் கொடியது. இங்கிலாந்தின் நடுப்பகுதிக்கு 1659 முதல் மாதவாரியாக வெப்பநிலைக் கணக்கு உண்டு; கருவிகொண்டு அளந்த கணக்குகளுள் உலகிலேயே நீண்டது அதுவே. 1795ஆம் ஆண்டு சனவரி மாதத்தின் சராசரி வெப்பம் அக்கணக்கில் பூச்சியத்துக்கும் கீழே 3.1 பாகை செல்சியசு. அவ்வளவு குளிர்ந்த மாதம் அத்தொடரில் வேறில்லை. 1814ஆம் ஆண்டுத் தொடக்கத்திலும் கடுங்குளிர் அடித்தது. இலண்டனில் தேம்சு ஆறு உறைந்துபோய், உறைந்த ஆற்றின்மேல் மக்கள் கடை விரித்துச் சந்தை நடத்தினர். அதன்பின் இன்றுவரை அவ்வாறு சந்தை கூடியதில்லை.

நம் பகுதிக்கும் அக்கணக்குக்கும் தொடர்புடைய ஆண்டு ஒன்றுண்டு. 1815 ஏப்ரலில், இன்றைய இந்தோனேசியாவின் சும்பாவா தீவிலுள்ள தம்போரா எரிமலை வெடித்தது. அதிலிருந்து கிளம்பிய கந்தகப் புகை உயர்வானில் மெல்லிய திரைபோல் உலகெங்கும் பரவிக் கதிரொளியை மங்கச் செய்தது. மறு ஆண்டு ஐரோப்பாவில் கோடைக்காலமே வரவில்லை எனலாம்; பயிர்கள் அழிந்தன, உணவு விலை ஏறிற்று. நடு இங்கிலாந்துக் கணக்கில் மிகக் குளிர்ந்த சூலை 1816ஆம் ஆண்டுச் சூலையே. மான்செஸ்டரில் வெப்பமானியைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்த ஆசிரியர், அதன் காரணம் நம் அருகிலிருந்த ஒரு மலையில் உள்ளதென்பதை அறிந்திருக்க வழியில்லை. காரணம் பின்னாளில்தான் விளங்கிற்று. எண் மட்டும் அன்றே ஏட்டில் ஏறிவிட்டது.

கோடை விடுமுறைகளில் அவர் தம் பிறந்த பகுதிக்குச் சென்று எல்வெலின் என்னும் மலையில் ஏறுவார். ஏறத்தாழ 950 மீட்டர் உயரமுள்ள அம்மலைமேலும் வெப்பத்தையும் ஈரத்தையும் அளப்பார். காற்றிலுள்ள ஈரத்தை அவர் அளந்த முறை, நம் மாணவர்கள் வீட்டிலேயே செய்து பார்க்கத்தக்கது. குளிர்ந்த கிணற்று நீரைக் கண்ணாடிக் குவளையில் ஊற்றுவார். குவளையின் வெளிப்புறத்தில் நீர்த்துளி படிந்தால், நீரை வேறொரு கலத்தில் மாற்றிச் சற்றே வெதுவெதுப்பாக விட்டு, குவளையை நன்றாகத் துடைத்து மீண்டும் ஊற்றுவார். துளி படிவது நிற்கும் வரை இவ்வாறே செய்து, அப்போதைய வெப்பத்தைக் குறிப்பார். காற்றில் நீராவி எவ்வளவு உள்ளதென்பதை அவ்வெண் காட்டிவிடும்.

இந்தக் குவளையிலிருந்தே அவருடைய பெரிய கண்டுபிடிப்புகள் கிளைத்தன என்பது நம் கருத்து. காற்றில் நீராவி எவ்வாறு கலந்துள்ளது என்னும் கேள்வி அவரை விடவில்லை. ஒரு கலத்திலுள்ள வாயுக்கள் ஒவ்வொன்றும், மற்றது இல்லாதது போலவே தன் அழுத்தத்தைத் தருகிறது என்று 1801இல் கண்டார். வாயுக்களின் நுண்துகள்கள் எடையில் வேறுபட்டவையோ என்ற சிந்தனை அடுத்து எழுந்தது. 1803 செப்டம்பரில் அணுக்களின் ஒப்பு எடைகளைத் தம் குறிப்பேட்டில் எழுதினார். 1808இல் அது நூலாக வெளிவந்தது. அவர் கண்ட எடைகள் பல பின்னர் திருத்தப்பட்டன. கொள்கை நிலைத்தது.

அவருடைய கருவிகள் முரடானவை, அளவுகள் போதிய நுட்பம் இல்லாதவை என்று அக்காலத்து அறிஞர் சிலர் குறை கூறினர். அது பொய்யென்று நாம் சொல்லமாட்டோம். ஆனால் நுட்பமான கருவியை வைத்துக்கொண்டு மூன்று மாதம் மட்டும் அளந்தவர்கள் பலர்.

சிவப்புக்கும் பச்சைக்கும் வேறுபாடு அறியாத கண்கள் அவருடையவை. பகலில் வான்நீலமாகத் தெரிந்த செரேனியப் பூ, மெழுகுவத்தி வெளிச்சத்தில் வேறு நிறமாகத் தெரிவதை 1792இல் கவனித்தார். தம் அண்ணனுக்கும் அவ்வாறே தெரிய, மற்றவர் யாருக்கும் அவ்வாறு தெரியாதது கண்டு, குறை தம் கண்ணில் உள்ளதென உணர்ந்தார். 1794இல் அதை ஆராய்ந்து கட்டுரை படித்தார். நிறக்குருடு பற்றி விரிவாக எழுந்த முதல் அறிவியற் கட்டுரைகளுள் அது ஒன்று. தாம் இறந்தபின் தம் கண்களைச் சோதிக்க வேண்டுமெனவும் சொல்லி வைத்தார்.

பட்டமும் பதக்கமும் முதுமையில் வந்தன. 1833இல் அரசாங்கம் ஓய்வூதியம் அளித்தது. ஒருகாலத்தில் அவரைச் சேர்த்துக்கொள்ள இயலாதென்ற ஆக்ஸ்போர்டு, 1832இல் தானே அழைத்து டாக்டர் பட்டம் வழங்கிற்று. 1837இல் பக்கவாத நோய் தாக்கிற்று. பேச்சுத் தடுமாறியது, கை நடுங்கியது. ஏடு நிற்கவில்லை. 1844ஆம் ஆண்டு சூலை 26ஆம் நாள் இரவு, அன்றைய வெப்பத்தையும் காற்றழுத்தத்தையும், சிறிது மழை பெய்ததையும் நடுங்கும் கையால் எழுதி முடித்துப் படுத்தார். மறுநாள் காலை உயிர் பிரிந்தது. அதுவரை அவர் எழுதிய குறிப்புகள் ஏறத்தாழ இரண்டு இலட்சம். நகர மண்டபத்தில் வைக்கப்பட்ட அவருடலுக்கு நாற்பதாயிரம் மக்கள் வரிசையில் நின்று இறுதி வணக்கம் செலுத்தினர்.

அவர் விருப்பப்படியே கண்கள் பாதுகாக்கப்பட்டன. 1995இல் அவற்றின் மரபணுவைச் சோதித்தபோது, பச்சை நிறத்தை உணரும் நிறமி அவருக்கு இல்லாதிருந்தது உறுதியாயிற்று.

ஏடுகளின் கதை வேறு. அவற்றை மான்செஸ்டர் இலக்கிய, தத்துவக் கழகம் தன் மாளிகையில் போற்றி வைத்திருந்தது. 1940 டிசம்பரில், இரண்டாம் உலகப் போரின்போது செர்மானிய விமானங்கள் மான்செஸ்டர் மீது குண்டு வீசின. கழக மாளிகை எரிந்தது. டால்டனின் தாள்களுள் பெரும்பகுதி சாம்பலாயிற்று. தீயில் கருகி எஞ்சிய சில அந்நகரின் ஜான் ரைலண்ட்சு நூலகத்தைச் சேர்ந்தன. ஆனால் 1794 முதல் 1818 வரை இருபத்தைந்து ஆண்டுகளின் வெப்பம், அழுத்தம், மழை ஆகியவற்றைச் சுருக்கி 1819இல் கழகத்தின் வெளியீட்டில் அவர் அச்சேற்றியிருந்தார். அச்சுப் படிகள் பல நாடுகளின் நூலகங்களில் இருந்தமையால் அவற்றைத் தீ தொடவில்லை. நடு இங்கிலாந்து வெப்பநிலைத் தொடரைப் பல ஆண்டு உழைத்துத் தொகுத்த கார்டன் மேன்லி என்னும் அறிஞர், லங்காசயர் வட்டாரத்துப் பழங்குறிப்புகளையும் தேடித் தேடி ஆராய்ந்தார். அத்தொடர் இன்றும் மாதந்தோறும் நீண்டுகொண்டிருக்கிறது. 1659 முதல் அதுவரை இருந்த ஆண்டுகளுள் வெப்பம் மிகுந்தது 2022 என்பதை அதுவே காட்டிற்று.