அறுந்த கயிறு சொன்ன பாடம்

குழந்தைகளே! அங்கே போகாதே, ஆபத்து என்று யாராவது எச்சரித்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்? சிலர் பயந்து ஒதுங்குவார்கள். சிலர் வீம்புக்கென்றே போவார்கள். மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. அதைப் பெரிய விலை கொடுத்துக் கற்றுக்கொண்டவர் எட்வர்ட் விம்பர்.

1840-ம் ஆண்டு லண்டனில் பிறந்த இவர், மரக்கட்டையில் படம் செதுக்கும் ஓவியர். 20 வயதில், ஆல்ப்ஸ் மலைகளை வரைந்து வரும்படி ஒரு பதிப்பாளர் அவரை அனுப்பினார். அங்கே சுவிட்சர்லாந்து, இத்தாலி எல்லையில் உள்ள மேட்டர்ஹார்ன் சிகரம் அவரைக் கவர்ந்தது. அதன் உயரம் 4,478 மீட்டர். அதுவரை அதன் உச்சியை யாரும் தொட்டதில்லை.

உச்சியில் பேய்கள் இருக்கின்றன, நெருங்கினால் கல்லை உருட்டிவிடும் என்று மலையடிவார மக்கள் எச்சரித்தார்கள். விம்பர் பேயை நம்பவில்லை. ஆனால், கற்கள் உருண்டது உண்மைதான்! ஏன் தெரியுமா? பாறை இடுக்குகளில் உறைந்த பனி வெயிலில் உருகும்போது, அது பிடித்து வைத்திருந்த கற்கள் விழும். 1865 ஜூனில் கற்கள் மழையாகக் கொட்டவே, விம்பரின் குழு அந்த வழியையே கைவிட்டது.

பலமுறை தோற்ற விம்பர், 1865 ஜூலை 14 அன்று வேறு வழியாக ஏறி உச்சியை அடைந்தார். உடன் சென்றவர்கள் ஆறு பேர். இறங்கும்போதுதான் அந்தக் கொடுமை நடந்தது. அனுபவம் குறைந்த 19 வயது இளைஞர் ஹாடோ கால் வழுக்கி, முன்னால் இருந்த வழிகாட்டி மிஷேல் குரோ மீது விழுந்தார். அந்த வேகம் மேலும் இருவரை இழுத்தது. கயிறு அறுந்தது. நால்வரும் பள்ளத்தில் விழுந்து இறந்தனர். விம்பரும் இரண்டு வழிகாட்டிகளும் மட்டுமே தப்பினர்.

அறுந்தது எந்தக் கயிறு தெரியுமா? அவர்களிடம் இருந்த மூன்று வகைக் கயிறுகளில் மிகவும் மெல்லியது! உறுதியான கயிறு கைவசம் இருந்தும், அந்த இடத்தில் அதைக் கட்டவில்லை. பேய் செய்யாததைக் கவனக்குறைவு செய்துவிட்டது.

மலையேறுவதே வேண்டாம் என்று பத்திரிகைகள் கண்டித்தன. விம்பர் மலைகளை விட்டுவிடவில்லை. ஆபத்தே இல்லை என்று வாதாடவும் இல்லை. 1871-ல் வெளியிட்ட நூலில் அந்தக் கயிறுகளைப் படமாகவே வரைந்து காட்டினார். துணிவும் பலமும் இருந்தாலும், முன்யோசனை இல்லாவிட்டால் பயனில்லை என்று எழுதினார். 1880-ல் ஈக்வடார் நாட்டின் சிம்போராசோ சிகரத்தில் முதன்முதலாக ஏறியவர்களில் அவரும் ஒருவர். 1911-ல் ஆல்ப்ஸ் மலையடிவாரத்திலேயே காலமானார்.

அந்த அறுந்த கயிறு செர்மாட் ஊரின் அருங்காட்சியகத்தில் உள்ளது.

குழந்தைகளே, யாராவது எச்சரித்தால் காரணத்தைக் கேளுங்கள். காரணம் வெறும் பேயா, உண்மையில் விழும் கல்லா என்று ஆராயுங்கள். கல் என்றால் விலகுங்கள். புறப்படும் முன் கயிற்றைச் சோதிக்க மறக்காதீர்கள்!